ரவை அளவு இருட்டு

சிட்டு, நாளைக் காலையில் வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள். உன் தங்கச்சி செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மறைமலை நகர், அங்கேயே ஒரு கம்பெனியில் வெல்டிங் பார்க்கிறான். நல்ல பையன், சாப்பிடும்போது பேச மாட்டான். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் நம் வீட்டில் தங்கிவிட்டுத்தான் போக வேண்டும். நம் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி இருப்பது உன் அறை ஒன்றுதான். அதனால் அதையே முதலில் அடிக்கச் சொல்லிவிட்டார் உங்கப்பா. கட்டிலை வெளியே போட்டாயிற்று. உன் சட்டைகள் பீரோவுக்குப் போய்விட்டன. துணிக் கொடியைக் கூட அவிழ்த்துவிட்டோம். சுவரில் நீ ஒட்டிய படம் மட்டும் அப்படியே இருக்கிறது. மைதாவில் பசை காய்ச்சி மூலைக்கு மூலை தடவி ஒட்டினாயே, அது இப்போது சுவரோடு சுவராக இருக்கிறது. உரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும். விட்டால் மேலே சுண்ணாம்பு ஏறும் என்று இருந்தது.

சுவர் உங்கப்பா கவலை. என் கவலை வேறு. செல்வி என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அவள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது, உனக்கு நான் வைத்த மாதிரி, அந்தப் படத்தில் அவளுக்கும் ஒரு புள்ளி திருநீறு வைக்க வேண்டுமாம். நீ போன பிறகு அந்தப் படத்தை நான் தொடவில்லை. இனிமேல் தொடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வழக்கத்தை ஆரம்பித்தவன் நீ. உன்னைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்தவளின் எழுத்து, பொறுத்துக்கொள். பிள்ளைகளுக்கு எழுதும்போது அம்மாக்கள் புத்தி சொல்வார்கள். உனக்கு நான் என்ன புத்தி சொல்ல, மழை வருகிறது, ரெயின்கோட் எடுத்துக்கொள் என்றா?

உனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து சொல்ல வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில், பெயின்ட் ஷாப்பில் என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெயின்ட் அடித்து வருகிற காரை வரிசையாக எரிகிற ட்யூப் லைட்டுக்குக் கீழே நிறுத்திப் பார்க்க வேண்டும், தூசி விழுந்திருந்தால் அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும், பின்னால் நிற்கிறவன் தேய்த்து எடுப்பான், அந்த வேலைக்குத்தான் பழக்கப் போகிறார்கள் என்றாய். "தூசி பாக்கறதுக்கு ஐடிஐ படிக்கணுமா? நான் தெனம் பெருக்கறனே," என்று கேட்டேன். "உன் தூசி வேற, என் தூசி வேறம்மா," என்றாய். வெள்ளைக் காராக இருந்தால் பிழைத்தோம், கறுப்புக் கார் வந்தால்தான் உயிர் போகும் என்றாய். கறுப்பில் ஒரு துகள் இருந்தாலும் விளக்கு வெளிச்சம் அதைக் காட்டிக் கொடுத்துவிடுமாம். அதனால் உள்ளே போகிறவர்கள் முகத்துக்குப் பவுடர் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, நூல் பிரிகிற துணி உடுத்தக் கூடாது. காற்றடிக்கிற ஒரு சின்ன அறைக்குள் நின்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் வழக்கம் போல உன் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இழுத்து அனுப்பினேன். சாமி திருநீற்றைத் தூசியோடு சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று ஷிஃப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சிரித்தாய்.

"எம்மா, உன் துன்னூறு இன்னிக்கு ஒரு வண்டிய நிறுத்திடுச்சு."

"இன்னாடா சொல்ற?"

"பெயின்ட்டுக்கு முன்னால துணியால துடைக்கிற எடத்துல நிக்க வச்சாங்க. துடைச்ச கார் பானெட்டு மேல என் நெத்தியிலேர்ந்து கொட்டிக்கீது. அது மேலயே பெயின்ட்டு ஏறி வெளிய வந்தா, கறுப்புல பொரி பொரியா நிக்குது. சூப்பர்வைசர் என் மூஞ்சியப் பாத்துட்டு, எவன்டா கோயில உள்ள இட்டாந்ததுன்றாரு. லைனே சிரிக்குது."

"சாமி துன்னூறுடா அது. அது இன்னா கெட்டது பண்ணும்?"

"கெட்டது பண்ணலம்மா. ஆனா லைனுக்கு சாமி தூசி, ரோட்டு தூசின்னு தெரியாது. கறுப்புல வுழுந்தா தூசிதான்."

நான் விடவில்லை. தினமும் பூசினேன். நீயும் என்னிடம் சண்டை போடாமல் நெற்றியைக் காட்டிவிட்டு, கம்பெனி கேட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய். துவைக்கும்போது கைக்குட்டையில் சாம்பல் நிறம் கரைந்து வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சில நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்கு நினைவிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அந்தப் படம் வந்தது. முழுப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ரூம் எடுத்துத் தங்கியிருந்த தெற்கத்திப் பையன்களின் டிபனுக்கு நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படிக்கு வந்து பேப்பரை என் முகத்துக்கு நேரே விரித்தாய். கன்னங்கரேலென்று இருந்தது. அதில் வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக எங்கே பார்த்தாலும் புள்ளிகள்.

"இன்னான்னு சொல்லு பாக்கலாம்."

"கறுப்பு பானெட்டு. ரொம்ப தூசி. உன்ன வேலைய வுட்டுத் தொரத்தப் போறாங்க," என்றேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பில்தான் நம் சண்டை தீர்ந்தது.

பிறகு சொன்னாய். பூமிக்கு மேலே, காற்றெல்லாம் தாண்டி, ஒரு பெரிய டெலஸ்கோப் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். வானத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு என்று தோன்றுகிற ஒரு சின்ன இடத்தையே அது பல நாள் பார்த்துக்கொண்டிருந்ததாம். பார்க்கப் பார்க்க இத்தனையும் தெரிந்ததாம். "எவ்ளோ எடம் தெரியுமா?" என்று கேட்டு, வாணலியிலிருந்து ஒரே ஒரு ரவையை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, சுடுது சுடுது என்றபடி பேப்பரோடு வாசலுக்கு ஓடினாய். நானும் கரண்டியோடு வந்தேன். கையை வானத்துக்கு நேரே நீட்டினாய். "இந்த ரவை மறைக்குது பாரு, அவ்ளோதான் எடம். அதுக்குள்ளதான் இத்தினியும். இதுல ஒண்ணொண்ணும் நட்சத்திரம்னு நெனைக்காத. கூட்டல் குறி மாதிரி மின்னுது பாரு, அந்த நாலஞ்சுதான் நட்சத்திரம், நம்ம பக்கத்து வூட்டுக்காரன். மத்ததெல்லாம் ஒண்ணொண்ணும் ஒரு கூட்டம். நம்ம சூரியன் மாதிரி கோடி கோடியா ஒரு கூட்டம்."

"இதுல நாம எங்க கீறோம்?"

"நாம இதுல இல்லம்மா. இப்படி ஒரு புள்ளிக்குள்ள இருந்துக்கினு வெளிய பாக்கறோம். அங்கேர்ந்து எவனாவது நம்மள படம் புடிச்சான்னு வச்சுக்க, நம்ம சூரியனே தனியா தெரியாது. அப்புறம் பூமி எங்க, ஸ்ரீபெரும்புதூர் எங்க, உன் உப்புமா எங்க?"

 உள்ளே ரவை தீய்ந்த வாசம் வந்தது, நான் நகரவில்லை. "அப்ப சாமி எப்படிடா நம்மள கண்டுபுடிக்கும்?" என்று கேட்டேன். "இத்தினில நீ நம்ம பென்னலூர்லேர்ந்து வண்டி எடுத்துக்கினு போறது யாருக்குத் தெரியும்? துன்னூறாவது இருந்தா ஒரு அடையாளம். அதையும் நீ துடைச்சுக்கினு போற." நீ பேப்பரை ஒருமுறை பார்த்தாய். பிறகு உன் வழக்கமான குறும்பு வந்துவிட்டது. "சரி, ஒண்ணு பண்ணு. என் நெத்தில வேணாம். இதக் கொண்டுபோய் செவுத்துல ஒட்டறேன். நான் கெளம்பும்போது இதுல ஒரு புள்ளி வை. இந்தக் கறுப்புல ஒரு தூசி கூடினா எந்த சூப்பர்வைசரும் கேக்க மாட்டான்."

விளையாட்டுக்குச் சொன்னாய். நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். முதல் நாள் விரலால் வைக்கப் போனேன். "எம்மா, வெரலால வச்சா நிலாவாட்டம் ஆயிடும், ஈர்க்குச்சியால வை," என்று நீதான் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உடைத்துக் கொடுத்தாய். தண்ணீரில் குழைத்த திருநீற்றில் நுனியைத் தொட்டு, படத்தில் இருட்டாக இருக்கிற இடமாகப் பார்த்து வைப்பேன். காய்ந்தால் மற்றப் புள்ளிகளோடு சேர்ந்துவிடும். அப்புறம் அதுவே பழகிவிட்டது. காலை ஷிஃப்டோ மதிய ஷிஃப்டோ, நீ வண்டியை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் உதைத்துவிட்டு, அங்கிருந்தே கேட்பாய், "வச்சியா?" நான் உன் அறை ஜன்னலிலிருந்து கத்துவேன், "வச்சிட்டேன், போ." தெருவில் போகிறவர்களுக்கு நாம் என்ன பேசிக்கொள்கிறோம் என்று புரியாது. அடுத்த வீட்டு மேரி அக்கா ஒருநாள் கேட்டே விட்டாள், "அடுப்புல ஒலயா? தெனம் இன்னாத்த வைக்கச் சொல்றான்?"

அன்றைக்கும் கேட்டாய். அன்றைக்கும் வைத்தேன். வைக்காமல் வைத்தேன் என்று சொல்லவில்லை. அதை நீ நம்ப வேண்டும். காலை ஷிஃப்ட் முடித்துத் திரும்பும்போது, நம் ஊருக்குத் திரும்புகிற ரோட்டுப் பிரிவில், ஒரு ட்ரெய்லர் லாரி. அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் பேப்பரில் நாலு வரி போட்டிருந்தார்கள். வயசைக் கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அத்தனை தூரத்துப் புள்ளிகளுக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்தது, உனக்கு நாலு வரி. அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு நான் யோசித்தது அதைத்தான். என்ன யோசனை பார், அப்படி ஒரு நேரத்தில்.

வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். மேரி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "அவன் மேல நட்சத்திரமா கீறான்டி, வாசலுக்கு வந்து பாரு, உன்னத்தான் பாத்துக்கினு இருப்பான்," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நானும் வாசலில் நின்று பார்த்தேன். கம்பெனி விளக்குகளின் வெளிச்சத்தில் இந்தப் பக்கம் வானத்தில் என்ன தெரியும், எண்ணிவிடுகிற அளவுக்குத்தான். ஆனால் நீ எனக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாயே. வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இதுதான் என் பிள்ளை என்று அழுதுவிட்டுப் படுத்திருப்பாள். என்னால் அது முடியவில்லை. ஒரு ரவை மறைக்கிற இடத்துக்குள் அத்தனை இருக்கிறது. நான் எந்தப் பக்கம் பார்ப்பது? யாரிடம் போய் என் பிள்ளையைப் பார்த்தாயா என்று கேட்பது?

மத்தியானம் ஷிஃப்ட் விடுகிற நேரம்தான் மோசம். பையன்கள் எல்லாரும் உன்னுடையது போலவே வண்டி வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டால் என் கால் தானாக எழுந்துவிடுகிறது. எழுந்த பிறகு எங்கே போவது என்று தெரியாமல் உன் அறைக்குப் போய் உட்காருவேன். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், பட்டப்பகல், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் சில நாள் அந்தப் படத்தின் கறுப்பு ஆழமாகிக்கொண்டே போகும். அந்த இடத்தில் சுவரே இல்லாத மாதிரி இருக்கும். கையை நீட்டினால் அந்தப் பக்கம் போய்விடும் போல, அங்கே யாரோ நின்று வச்சியா என்று கேட்பது போல. எழுந்து வந்து அரிசியில் கல் பொறுக்குவேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பையன்களுக்கு உப்புக் கூடக் குறைச்சல் இல்லாமல்தான் சமைத்துப் போடுகிறேன்.

போன வாரம் ஒன்று நடந்தது. உன் லைனிலேயே வேலை பார்க்கிற முருகேசன், கோவில்பட்டிப் பையன், இப்போதும் பின்னால் ரூமில்தான் இருக்கிறான். சுவருக்கு வெள்ளை அடிக்கப் போகிறோம் என்று கேள்விப்பட்டு, எனக்கு உதவி செய்ய நினைத்திருக்கிறான். உன் அறையிலிருந்து குரல் கொடுத்தான்.

"யம்மா, படத்தைப் பக்குவமா உரிச்சி பிரேம் போட்டுத் தாரேன். முதல்ல மேல இருக்க தூசியத் துடைச்சிருதேன்."

நான் அடுப்படியில் இருந்தேன். அவன் சொன்னது காதில் விழுந்து மண்டைக்குப் போவதற்குள் ஓடினேன். நீங்கள் பெயின்ட்டுக்கு முன்னால் துடைப்பீர்களே, அந்தப் பிசுபிசுப்பான துணி, அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்குக் கிட்டே போயிருந்தான்.

"டேய், கைய எடு."

அவனை நான் டேய் என்று கூப்பிட்டதே இல்லை.  துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான். தரையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றித் திருநீறு, ரவை, ஈர்க்குச்சி எல்லாம். கேட்டுவிட்டு வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் எங்ககிட்ட இத சொல்லவே இல்லயே யம்மா. இதுல நீங்க வச்சது எதெல்லாம்?"

"தெரியலப்பா. காஞ்சப்புறம் எல்லாம் ஒண்ணாத்தான் கீது. நீயும் அதே வேலதான செய்ற, பாத்து சொல்லேன்."

எழுந்து போய்ப் பார்த்தான். நீ தட்டு, டம்ளர், சைக்கிள் மட்கார்டு எதைப் பார்த்தாலும் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி ஆட்டி வெளிச்சத்தில் பார்ப்பாயே, அதே மாதிரி. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"முடியலயே யம்மா," என்றான் கடைசியில். "சந்தேகம்னா நாங்க துடைச்சித்தான் பாப்போம். துடைச்சா வந்துட்டுன்னா மேல இருக்க தூசி. வரலன்னா உள்ள இருக்கது. துடைக்காமலே சொல்லுதவன் எங்க செட்டுல அவன் ஒருத்தன்தான்."

செல்வி வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். சாயங்காலம் உங்கப்பா வாட்ச்மேன் வேலை முடிந்து வந்ததும் பேச்சை எடுத்தாள். அவர் பிடி கொடுக்கவில்லை. "செவுத்துல கீறது பழைய பேப்பர். மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து பாத்தா இன்னா நெனப்பாங்க? சுத்தமா அடிச்சுடணும்," என்றார். "சுத்தி அடிச்சுட்டுப் போவட்டும்பா. எங்கண்ணன் ரூம்னு தெரியட்டுமே, தெரிஞ்சா இன்னா?" என்றாள். அவர் சட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்புறம்தான் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எனக்கும் ஒண்ணு வைம்மா. நான் கார்ல ஏறிட்டு ரோட்லேர்ந்து வச்சியான்னு கேக்கறேன்."  என்ன சொல்வது? உங்கண்ணனுக்கு வைத்தேனே, அது என்ன செய்தது என்று அவளிடம் கேட்க முடியுமா?

இன்று சாயங்காலம் உங்கப்பா என்ன செய்தார் தெரியுமா? என் பழைய புடவையைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய் உன் அறையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்கப் படத்துக்கு மேலே திரை கட்டுகிறார். துணி படத்தில் உரசிவிடக் கூடாது என்று மூலைக்கு மூலை ஒரு மரக்கட்டை வைத்து, அதன் மேல் இழுத்துக் கட்டியிருந்தார். அவரிடம் நான் புள்ளிகளைப் பற்றிச் சொன்னதே இல்லை. நீ சொன்னாயா, அவராகவே பார்த்தாரா, தெரியவில்லை. நான் சுத்தியலை வாங்கி வைத்தேன். ஆக, படம் இருக்கும்.

மிச்சம் இருப்பது செல்வியின் புள்ளிதான். வைத்தால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம், வைக்காவிட்டால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம். மறைமலை நகருக்கு ஒரகடம் வழியாகத்தான் போக வேண்டும், அந்த ரோடும் லாரி மயம். இந்த இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டு நான் ராத்திரிச் சாப்பாடு கூடச் சாப்பிடவில்லை. எழுத எழுதத்தான் ஒன்று தோன்றுகிறது. நீ காட்டிய அந்தப் பெரிய இருட்டில் நம்மை யாராவது பார்க்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள். ஆனால் நீ ரோட்டிலிருந்து என்னைக் கேட்டாய். நான் ஜன்னலிலிருந்து பதில் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் நீ கியர் போட்டாய், ஒருநாளும் அதற்கு முன்னால் போடவில்லை. செல்வியும் கேட்கப் போகிறாள். என் பிள்ளை ரோட்டில் நின்று கேட்கும்போது நான் உள்ளே வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. அதனால் வைக்கப் போகிறேன்.

ஈர்க்குச்சி ஒடித்துக் கழுவி வைத்துவிட்டேன். இடம்தான் தெரியவில்லை. இருட்டாக இருக்கிற இடம் என்று நினைத்து நான் வைக்கப் போக, அங்கே முன்பே ஒன்று இருந்து, அதன் மேலேயே வைத்துவிட்டால்? அது நான் அன்றைக்குக் காலையில் உனக்கு வைத்ததாக இருந்துவிட்டால்? குச்சி நுனியின் ஈரத்தில் அது கரைந்துவிடும், கரைந்தது கூட எனக்குத் தெரியாது. முருகேசனால் முடியவில்லை. துடைக்காமல் சொல்கிறவன் நீ ஒருவன்தான். ஜன்னலைத் திறந்து, திரையின் ஒரு மூலையை அவிழ்த்து வைத்திருக்கிறேன், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்துச் சொல்லு சிட்டு, இத்தனையில் கடைசியாக நான் உனக்கு வைத்தது எது?